மனம் படிப்பவர் முன் பேட்மேன்: வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு சேர்ந்து சித்திரக்கதை வாசிக்கிறோம். ரியூசன் முடிந்து புத்தகப் பையோடு நேரே சைக்கிளில் வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எந்தக் கதையில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அண்ணா, மனசைப் படிக்கிற ஆள் வந்தால் பேட்மேன் என்ன செய்வார்?" வாராவாரம் கேட்ட கேள்விகளையும், யோசித்து யோசித்து நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தக் கதைகளை வாசிக்காதவர்களுக்கும் விளங்கும்படி தேவையான இடங்களில் கதையைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறேன்.

பேட்மேனுக்குச் சக்தி ஒன்றும் இல்லையே. மனம் படிப்பவர் முன்னால் அவர் எப்படி நிற்க முடியும்?

ஓம், சக்தி இல்லை. பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கி 1939இல் முதல் கதை வந்த நாளிலிருந்து அவர் சாதாரண மனிதர்தான். புரூஸ் வெய்ன் என்ற பணக்காரர். சிறுவயதில் தாய் தகப்பனை ஒருவன் சுட்டுக் கொன்றதைக் கண் முன்னே பார்த்தவர். அதன் பிறகு உடம்பையும் அறிவையும் பழக்கிப் பழக்கி இன்றைய ஆளாக ஆனவர்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மனம் படிக்கிறவர் அவருக்கு எங்கேயோ இருந்து வருகிற எதிரி மட்டுமல்ல. அவருடைய ஜஸ்டிஸ் லீக் குழுவிலேயே ஜான் ஜோன்ஸ் இருக்கிறார். 1955இல் கதைகளுக்குள் வந்த செவ்வாய்க் கிரகத்து மனிதர். உருவம் மாறுவார், சுவருக்குள்ளால் போவார், மற்றவர் மனதையும் படிப்பார். அப்படி ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போது, தன் தலைக்குள் யாராவது வந்தால் என்ன செய்வது என்பதை பேட்மேன் யோசிக்காமல் இருப்பாரா? அடி தடுக்கப் பழகுகிற மாதிரி இதையும் அவர் ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டார். அவரை எனக்குப் பிடித்ததற்கு இதுவே பெரிய காரணம்.

மனதைச் சுவர் மாதிரி மூடிவிட்டால் போதாதா?

இதைக் கேட்காத பிள்ளை இல்லை. கேட்டவுடன் நான் சொல்வது: "ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காமல் இரு, பார்ப்போம்." எல்லாரும் தோற்றுப் போவார்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த பரிசோதனை. வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு முடியவில்லை. பிறகு "இனி கரடியை நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான், தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களை விட அதிகமாகக் கரடி வந்தது. அடக்கியது திருப்பி அடித்தது.

அதே ஆய்வில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். கரடி நினைவுக்கு வந்தால் அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் காரை நினையுங்கள் என்று சிலருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் திருப்பியடி குறைந்தது. வெறும் இடமாக விட்ட மனதில் கரடி வந்து படுத்துக்கொள்கிறது. வேறு ஒன்றை உட்கார வைத்தால் அதற்கு இடம் இல்லாமல் போகிறது.

இதை நான் ஆய்வில் வாசிப்பதற்கு வெகுகாலம் முன்பே என் மாமா சொல்லித் தந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் 304 தெரியாத வீடு குறைவு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கும் 304. ஏலம் கேட்டு எடுத்தவர் தன் துரும்பை, அதாவது மற்ற நிறங்களை வெல்லும் நிறத்தின் ஒரு காட்ஸை, கவிழ்த்து வைப்பார். அது எந்த நிறம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். மற்ற மூன்று பேரும் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் முதன்முதலாகத் துரும்பு கவிழ்த்த அன்று, பாயில் என் முழங்காலுக்கு முன்னால் கிடந்த அந்த ஒரு காட்ஸை விட்டு என் கண் அசையவில்லை. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே பார்த்தேன். என் துரும்பு கலாவரை (கிளாவர்) என்று மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. மாமா கையிலிருந்த காட்ஸை விசிறி மாதிரி மடக்கிக்கொண்டு சொன்னார்: "நினைக்கக் கூடாது எண்டு நினைச்சா அது முகத்தில எழுதியிருக்கும் தம்பி. ஸ்கோப்பன் எத்தனை விழுந்திட்டுது எண்டு எண்ணிக்கொண்டிரு." ஸ்கோப்பன் என்றால் ஸ்பேட், இன்னொரு நிறம்.

பேட்மேனும் இதைத்தான் செய்கிறார் என்பது என் கருத்து. அவருடைய தலை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. வெளியேறும் வழி, எதிரியின் கால் வைப்பு, அடுத்த மூன்று அடிகள் என்று எப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறது. உள்ளே வருகிறவருக்கு முதலில் கிடைப்பது அந்தக் கணக்குத்தான்.

தலைக்குள் கேட்பது தன் குரலா, பிறர் குரலா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு 1999இல் வந்த ஒரு கார்ட்டூன் தொடரில் அருமையான காட்சி இருக்கிறது. அதில் புரூஸ் வெய்ன் கிழவர். முகமூடியை ஒரு இளைஞனிடம் கொடுத்துவிட்டார். எதிரி ஒருவன் ஒலிக் கருவி வைத்து அவருடைய காதுக்குள் ஒரு குரலைப் புகுத்துகிறான். சரியாகச் சொன்னால் இது டெலிபதி, அதாவது மனதோடு மனம் பேசுவது, இல்லை, ஆனால் தலைக்குள் இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் குரல் அவரை உயிரை விடச் சொல்கிறது. சுற்றியிருப்பவர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம்புகிறார்கள். அவர் நம்பவில்லை.

எப்படித் தெரிந்தது என்று பிறகு அந்த இளைஞன் கேட்கிறான். அந்தக் குரல் என்னை "புரூஸ்" என்று கூப்பிட்டது, மனதுக்குள் நான் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை என்கிறார் கிழவர்.

நான் இந்த இடத்தை வாசிகசாலையில் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பெட்டை கேட்டாள்: "அண்ணா, நான் என்னை மனசுக்குள்ள என்னெண்டு கூப்பிடுறன்?" அதற்கு அவள்தான் பதில் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் மனக் கட்டுப்பாட்டின் முதல் பாடம் இதுதான். உன் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தான் அந்நியக் குரல் வரும்போது பிடிக்க முடியும்.

மாற்று பேட்மேன் ஒருவர் அவருக்குள் இருக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவரை "ஸுர்-என்-ஆர் பேட்மேன்" என்பார்கள். அந்தப் பெயர் 1958இல் வந்த ஒரு பழைய கதையில் இருந்தது. அதில் அது வேற்றுக் கிரகம் ஒன்றின் பெயர், அங்கே இன்னொரு பேட்மேன். ஐம்பது வருடம் கழித்து 2008இல் கிராண்ட் மாரிசன் எழுதிய கதை அந்தப் பெயரை எடுத்து வேறு ஒன்றாக மாற்றியது. டாக்டர் ஹர்ட் என்ற எதிரி பேட்மேனின் மனதையே குறிவைக்கிறான். ஒரு சொல்லை விதையாகப் போட்டு வைத்து, நேரம் வந்ததும் புரூஸ் வெய்ன் என்ற ஆளை உடைக்கிறான். உடைந்த இடத்திலிருந்து சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக உடை தைத்துக்கொண்டு இன்னொருவர் எழும்புகிறார். "என் மனதையே யாராவது தாக்கினால்?" என்று எப்போதோ யோசித்து, பேட்மேனே தனக்குள் தயார் செய்து வைத்திருந்த மாற்று ஆள்.

புயலுக்கு முன் படகைக் கட்டி வைக்கிற மாதிரி இது என்று ஒரு பெடியன் சொன்னான். நல்ல உவமை, ஆனால் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். அந்த மாற்று ஆளிடம் இரக்கம் குறைவு. புரூஸ் வெய்னின் துக்கத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அவர். 2022இல் தொடங்கிய கதைகளில் அந்த மாற்று ஆளின் வேலைகளே பேட்மேனுக்கு எதிராகத் திரும்பின. யாராலும் நிறுத்த முடியாத ஒரு இயந்திர மனிதனைச் செய்து வைத்திருந்தது அவர்தான். கடைசியில் அவரே புரூஸின் உடம்பையும் பிடித்துக்கொண்டார். இதை எழுதியவர்கள் நியாயமாக எழுதினார்கள் என்று நினைக்கிறேன். மனதுக்குள் காவல்காரனை வைத்தால், அவனுக்கும் ஒரு மனம் இருக்கும்.

அவருடைய நினைவுகளை யாராவது அள்ளிக்கொண்டு போனால்?

போனார்கள். அதுவும் 2008இல் வந்த கதைதான். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இது.

டார்க்சைட் என்ற பெரிய எதிரியின் ஆட்கள் பேட்மேனைப் பிடித்து ஒரு இயந்திரத்தில் கட்டி வைக்கிறார்கள். அவரைப் போலவே திறமையுள்ள ஒரு படையை வளர்க்கத் திட்டம். அதற்கு அவருடைய உடம்பைப் படியெடுத்தால் போதாது, நினைவும் வேண்டும். மனதுக்குள் புகக்கூடிய ஒரு உயிரை அனுப்பி அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து கடைசி வரை உறிஞ்சுகிறார்கள். இது நடக்கிறது என்று பேட்மேன் எப்படியோ உணர்ந்துவிடுகிறார். உணர்ந்த பிறகு கதவை மூட அவர் முயலவில்லை. "வேண்டுமா, எல்லாவற்றையும் எடு" என்று திறந்துவிடுகிறார். தாயும் தகப்பனும் விழுந்த அந்தச் சந்து, அந்த இரவுக்குப் பிறகு அவர் பட்ட எல்லாம், திறமையோடு சேர்ந்து போகிறது. படியெடுத்த உடம்புகளால் அதைத் தாங்க முடியவில்லை. படை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தூக்கிச் சுமந்தவருக்கு மட்டுமே தெரியும் பாரம் உண்டு. வெளியிலிருந்து வந்து எடுத்துப் பார்த்தால் கை எரியும்.

அப்படியென்றால் யாராலும் அவரை வெல்ல முடியாதா?

முடியும். 2004இல் வந்த கதை ஒன்றில் தெரியவந்தது இது: அவருடைய சொந்தக் குழுவினர் சிலர் ஒரு குற்றவாளியின் மனதை மாற்றியமைத்தார்கள். அதைக் கண்ட பேட்மேன் தடுத்தார். உடனே அவரை அசையாமல் பிடித்து வைத்து, ஸடானா என்ற மந்திரக்காரி அவருடைய நினைவிலிருந்து அந்தச் சில நிமிடங்களைத் துடைத்துவிட்டாள்.

இங்கே எந்தப் பயிற்சியும் உதவவில்லை. ஏனென்றால் மேலே சொன்ன எல்லாத் தந்திரத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தோழர்கள் வந்தால் காவல் எழும்புவதில்லை. உண்மை தெரிந்த பிறகு அவர் செய்தது இன்னும் சோகம். எல்லாச் சக்தியாளர்களையும் கண்காணிக்க ஒரு செயற்கைக்கோளைச் செய்தார். 2005இல் அதுவும் கை மாறிப் பலருடைய உயிரை எடுத்தது.

சூப்பர்மேன் அவரை விடப் பலசாலி. மனதிலும் பலசாலியா?

இல்லை. 2005இல் மேக்ஸ்வெல் லார்ட் என்பவன் சூப்பர்மேனின் மனதைப் பிடித்து, எதிரியோடு சண்டை பிடிக்கிறோம் என்று நம்ப வைத்து பேட்மேனையே அடித்து நொறுக்க வைத்தான். வொண்டர் வுமன் லார்டைக் கொன்றுதான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. மலையைத் தூக்குகிற கைக்கும் மனதைக் காக்கிற பழக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எக்ஸ்-மென் கதைகளில் மேக்னீட்டோ ஹெல்மெட் போட்டு மனம் படிப்பவர்களிடம் தப்புகிறாரே?

அது ஹெல்மெட்டின் கெட்டித்தனம். கழற்றினால் போச்சு.

பேட்மேனின் பைத்தியக்கார எதிரி ஜோக்கரின் மனதைப் படித்தால்?

படிக்கிறவருக்குத்தான் கஷ்டம். 1990களின் கடைசியில் வந்த ஒரு கதையில் ஜான் ஜோன்ஸ் ஜோக்கரின் தலைக்குள் போய் அதைக் கொஞ்ச நேரத்துக்கு ஒழுங்காக அடுக்கி வைத்தார். அந்தச் சிறிது நேரம் ஜோக்கர் தான் செய்ததை எல்லாம் உணர்ந்தான். குழப்பமும் ஒரு வகை அரண்தான், ஆனால் அதைக் கட்டுப்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அப்பாக்கள் வாசித்த மாண்ட்ரேக் இதில் எங்கே வருகிறார்?

1934இல் லீ ஃபாக் உருவாக்கிய மந்திரவாதி மாண்ட்ரேக் கையை ஒருமுறை வீசினால் எதிரிக்குத் துப்பாக்கி பாம்பாகத் தெரியும். அவர் வசியம் செய்கிறவர், கண்ணை ஏமாற்றுகிறவர். மனதில் உள்ளதை எடுப்பது வேறு, மனதில் இல்லாததைப் போடுவது வேறு. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்த தலைமுறைக்கு இந்த வேறுபாட்டைச் சொன்னால் உடனே பிடித்துவிடும்.

சாத்திரம் சொல்கிறவர்கள் வந்தவுடனேயே "உனக்கு ஒரு கவலை இருக்குது" என்கிறார்களே. அதுவும் மனம் படிப்பதா?

கவலை இல்லாமல் யார் சாத்திரம் கேட்கப் போகிறார்கள்? வந்தவரின் உடை, கைநடுக்கம், கூட வந்தவர் யார் என்பதைப் பார்த்து ஒன்றைச் சொல்லி, முகம் மாறுவதைப் பார்த்து அடுத்ததைச் சொல்வது ஒரு கலை. நம் ஆட்கள் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். குறிப்பறிதல் என்ற பெயரிலேயே குறளில் இரண்டு அதிகாரம் இருக்கிறது. ஒன்று பொருட்பாலில், அரசனின் முகம் படிக்கும் அமைச்சருக்கு. மற்றது காமத்துப்பாலில், ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

பேட்மேன் மாதிரி மனதைப் பழக்கியவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்களா?

இருந்தார்கள். புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையைச் சதாவதானி என்று அழைத்தார்கள். அவதானம் என்றால் ஒரே நேரத்தில் பல விஷயங்களில் கவனம் வைப்பது. ஒருவர் இலக்கணக் கேள்வி கேட்பார், ஒருவர் கணக்குக் கொடுப்பார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் இடையிடையே மணி அடிப்பார், இன்னொருவர் பின்னாலிருந்து முதுகில் பூவை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, எத்தனை மணி, எத்தனை பூ என்றும் சொல்ல வேண்டும். எட்டு விஷயம் என்றால் அட்டாவதானம், நூறு என்றால் சதாவதானம். 1907இல், நாற்பது வயதுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். இப்படிப்பட்ட ஒருவரின் தலைக்குள் மனம் படிப்பவர் போனால் எந்த இழையைப் பிடிப்பார்?

இதற்கு நேர் எதிர்ப் பாதையும் இங்கேதான் இருந்தது. கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி 1964இல் சமாதியடைந்தார். "சும்மா இரு" என்பார். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே மனதில் உள்ளதைச் சுவாமி சொல்லிவிடுவார் என்று நம்பும் அடியார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒருவர் நூறு இழையை ஓடவிட்டார், மற்றவர் எல்லா இழையையும் அடங்கவிட்டார். பேட்மேன் முதல் வகை. இரண்டாவது வகை அவருக்கு ஒருநாளும் வாய்க்காது என்று நினைக்கிறேன். அந்தச் சந்தில் நின்ற பிள்ளை அவரைச் சும்மா இருக்க விடாது.

உண்மையில் மனம் படிக்கும் இயந்திரம் வந்துவிட்டதா?

ஓரளவுக்கு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரையும் மூளையைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் பல தடவையாகப் படுக்க வைத்து மொத்தம் 16 மணி நேரம் கதைகள் கேட்க வைத்தார்கள். மூளையில் இரத்த ஓட்டம் எந்தக் கதைக்கு எப்படி மாறுகிறது என்று கணினி பழகிக்கொண்டது. பிறகு புதிய கதை கேட்கும்போது மூளைப் பதிவை மட்டும் வைத்துக் கதையின் சாரத்தைச் சொன்னது. சொல்லுக்குச் சொல் வராது, கருத்து வரும். சத்தமில்லாமல் மனதுக்குள் கதை சொன்னபோதும் ஓரளவு பிடித்தது.

அந்த ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலைக்காக அவர்களை நான் மதிக்கிறேன். இதை எப்படித் தோற்கடிக்கலாம் என்றும் சோதித்தார்கள். காதில் கதை ஓடும்போது உள்ளே ஏழு ஏழாக எண்ணச் சொன்னார்கள், மிருகங்களின் பெயரைச் சொல்லி உருவத்தை நினைக்கச் சொன்னார்கள், வேறு கதை ஒன்றைத் தனக்குத்தானே சொல்லச் சொன்னார்கள். மிருகப் பெயரும் சொந்தக் கதையும் இயந்திரத்தை நன்றாகவே குழப்பின. ஒருவரின் மூளையில் பழகிய கணினி இன்னொருவருக்கு வேலை செய்யவும் இல்லை. ஆக, அந்த ஆய்வின்படி ஆள் ஒத்துழைக்காவிட்டால் படிக்க முடியாது.

இதை வாசித்தபோது எனக்கு மாமாவின் விசிறி ஞாபகம் வந்தது. ஸ்கோப்பனை எண்ணு.

இப்படி மனதைப் பூட்டிக்கொண்டு வாழ்வது நல்லதா?

இந்தக் கேள்வியை ஒரே ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் கேட்டது. அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இல்லை. ஆனாலும் விட மனமில்லை.

304இல் ஒரு விஷயம் உண்டு. எதிராளிகள் இரண்டு பேரிடமிருந்தும் துரும்பை மறைக்க வேண்டும். ஆனால் எதிரே இருக்கிற கூட்டாளிக்கும் அது தெரியாது. அவர் எப்படியாவது ஊகித்து அதற்கேற்ப இறக்கினால்தான் வெல்லலாம். சைகை காட்டினால் கள்ள விளையாட்டு. ஆக, இரண்டு பேருக்கு மூடியும் ஒருவருக்குத் திறந்தும் இருக்க வேண்டும், அதுவும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு. பேட்மேனுக்கும் இதே நிலைதான். எதிரிகளுக்குப் பூட்டியிருக்கிற அதே மனதுக்குள், சண்டை நடுவில் ஜான் ஜோன்ஸின் குரல் வந்து எல்லாரையும் இணைக்கும்போது அவர் விட்டுக்கொடுக்கிறார். அந்த 2004 கதை அவ்வளவு வலிப்பதற்குக் காரணமும் இதுதான். திறந்து வைத்த பக்கத்தால் வந்தார்கள்.

மாமாவின் கூட்டாளி பக்கத்து வீட்டு ஐயா. இருபது வருடமாக எதிரெதிரே இருந்து விளையாடினார்கள். மாமா துரும்பைக் கவிழ்த்ததும் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், சரியான நிறத்தை இறக்குவார். எங்களுக்கு அது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. பிறகு ஐயாவைப் பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாமா அதன் பிறகு பாயில் உட்காருவதில்லை. நாங்கள் விளையாடும்போது பின்னால் கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பார். நாலாவது ஆள் வராத நாட்களில் கூப்பிட்டாலும், "நீங்கள் விளையாடுங்கோ" என்பார்.